நடுப்பக்கத்துப் போர்க்கப்பல்கள்: முதல் உலகப் போரின் இதழ் ஓவியங்களும் பிரிட்டனின் கடற்படை நம்பிக்கையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர்க் காலத்தில் (1914–1918) பிரிட்டனின் படவார இதழ்கள் தங்கள் நாட்டுக் கடற்படையை எப்படி வரைந்து காட்டின, அந்தப் படங்கள் மக்களின் நம்பிக்கையை எப்படித் தாங்கின, எந்த இடத்தில் அந்த நம்பிக்கைக்கே இடையூறாயின என்பவை குறித்து வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடல் வலிமை என்றால் ஒரே நாளில் முடியும் ஒரு மாபெரும் சண்டை என்று அந்த ஓவியங்கள் ஒரு தலைமுறையையே பழக்கியிருந்தன. உண்மையில் நடந்த கடற்போரோ கண்ணுக்குத் தெரியாத வேலைகளால் நடந்தது. இந்த இடைவெளிதான் 1916இல் பிரிட்டன் மக்கள் அடைந்த ஏமாற்றத்துக்குப் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

புகைப்படம் வந்துவிட்ட காலத்தில் கடற்போரை ஏன் ஓவியர்கள் வரைய வேண்டியிருந்தது?

தொலைவுதான் முதல் காரணம். அக்காலப் பெரிய போர்க்கப்பல்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நின்று சுட்டுக்கொண்டன. மேல்தளத்தில் நிற்பவருக்கே எதிரி என்பது தொடுவானத்தில் ஒரு கரும்புகை, அதனுள் ஒரு மின்னல், அவ்வளவுதான். கொதிகலன் அறையிலும் பீரங்கிக் கூண்டுக்குள்ளும் இருந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. இதைப் படம் எடுத்தால் சாம்பல் நிறக் கடலும் அதன் விளிம்பில் ஒரு கறையுமே மிஞ்சும். கப்பலில் படம் எடுப்பதற்கும் எடுத்ததை வெளியிடுவதற்கும் இருந்த கட்டுப்பாடுகள் வேறு.

ஓவியர் அந்தத் தொலைவைத் துணியை மடிப்பது போல மடித்துவிடுவார். தம் நாட்டுக் கப்பலின் முன்பகுதியான அணியம் நீரைக் கிழித்துக்கொண்டு வாசகரை நோக்கி வரும். எதிரிக் கப்பல் நகத்தளவில் என்றாலும் அடையாளம் தெரியும்படி எரிந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே குண்டு விழுந்த இடங்களில் நீர் தூண் தூணாக எழும்பும். கப்பலில் இருந்த எவருமே காணாத காட்சி அது. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் வாசகருக்குப் போர் புரிந்தது.

புகைப்படம் வென்ற இடமும் உண்டு. 24-1-1915 அன்று வட கடலில் நடந்த டாகர் பேங்க் சண்டையில் ஜெர்மனியின் புளூக்கர் கப்பல் கவிழ்ந்த தருணத்தை ஒரு பிரிட்டிஷ் கப்பலிலிருந்து எடுத்த படம் அப்படிப்பட்டது. கப்பல் முழுவதுமாகப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நீருக்கு மேலே தெரியும் அதன் விலாவில் நூற்றுக்கணக்கானவர்கள் எறும்புச் சாரை போல நிற்கிறார்கள், சறுக்குகிறார்கள், சிலர் ஏற்கனவே நீரில் இருக்கிறார்கள். எந்த ஓவியத்திலும் மனிதர்கள் இவ்வளவு சிறியவர்களாகத் தெரிந்ததில்லை. வெற்றிப் படமாகவே அது அச்சிடப்பட்டது. எனக்கோ இன்றும் அதை நெடுநேரம் பார்க்க முடிவதில்லை.

இந்தப் படங்கள் எப்படித் தயாராயின?

1842 மே 14 அன்று லண்டனில் ஹெர்பர்ட் இங்கிராம் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இந்த மரபின் தாய். முதல் இதழில் 16 பக்கங்கள், 32 படங்கள். விலை ஆறு பென்னி. அன்றைய படங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டவை. அதற்கு உகந்த பாக்ஸ் மரத்தின் தண்டு மெலிந்தது என்பதால், ஒரு பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் இணைத்து ஒரே பலகையாக்கினார்கள். ஓவியம் அதன்மேல் தீட்டப்பட்டதும், கட்டைகள் சேரும் இடங்களில் ஓடும் கோடுகளை மட்டும் தலைமைச் செதுக்குநர் முதலில் வெட்டிவிடுவார். பிறகு பலகையைக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தால், ஒருவர் வானத்தையும் ஒருவர் பாய்மரத்தையும் ஒருவர் அலையையும் இரவோடிரவாகச் செதுக்கி முடிப்பார்கள். காலையில் துண்டுகளை மீண்டும் பூட்டி அச்சுக்கு அனுப்புவார்கள். பழைய பிரதிகளை உற்றுப் பார்த்தால், கட்டைகள் சேர்ந்த இடத்தில் மயிரிழை போன்ற ஒரு வெள்ளைக் கோடு கடலின் குறுக்கே போவதை இன்றும் காணலாம்.

1914க்குள், படத்தின் சாயல்களைச் சிறு புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக் அந்த முறையை ஓரங்கட்டிவிட்டது. 1869இல் தொடங்கிய 'தி கிராஃபிக்', 1900இல் தொடங்கிய 'தி ஸ்பியர்', போர் மூண்டதும் 1914 ஆகஸ்டில் மலிவு விலையில் வந்த 'தி வார் இல்லஸ்ட்ரேட்டட்' எல்லாமே புதிய முறையையே கையாண்டன. கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும் என்பதால், ஓவியர்கள் பெரும்பாலும் சாம்பல் வண்ணக் கலவையிலேயே தீட்டினார்கள். கப்பலின் புகைபோக்கி எத்தனை, பீரங்கிக் கூண்டு எங்கே என்பதற்கு, 1898 முதல் வெளிவந்த ஜேனின் போர்க்கப்பல் கையேடு துணை செய்தது. அதைத் தொகுத்த ஃபிரெட் ஜேனும் கப்பல் ஓவியரே. சண்டையின் போக்கைச் சொல்ல, திரும்பி வந்த அதிகாரியின் பென்சில் குறிப்போ வாய்மொழியோ கிடைக்கும். 'நேரில் கண்டவர் தந்த விவரங்களைக் கொண்டு வரைந்தது' என்ற வகையில் வந்த படக்குறிப்புகளின் பொருள் இதுதான்.

நம்பிக்கை போருக்கு முன்பே இருந்ததா, போரில் உருவானதா?

முன்பே இருந்தது, அதுவும் மிக அதிகமாக இருந்தது. தான் உண்ணும் கோதுமையில் பெரும்பகுதியைக் கடல் கடந்து வாங்கும் தீவுக்குக் கடற்படைதான் உயிர்நாடி. தனக்கு அடுத்த இரு பெரிய கடற்படைகளின் கூட்டு வலிமைக்குக் குறையாமல் கப்பல் வைத்திருக்க வேண்டும் என்பதை 1889இல் பிரிட்டன் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. 1906 பிப்ரவரியில் ட்ரெட்நாட் என்ற புதுவகைப் பெரும் போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டபோது, அதற்கு முந்திய கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன என்று பேசினார்கள். 1909இல் ஜெர்மனியைக் கண்டு எழுந்த அச்சத்தில், 'எட்டுக் கப்பல் வேண்டும், காத்திருக்க மாட்டோம்' என்ற முழக்கம் தெருவெல்லாம் கேட்டது.

இந்த ஆர்வத்துக்குத் தீனி போட்டவை இதழ்கள். 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்கும், போருக்குச் சில நாட்களே இருந்த 1914 ஜூலையிலும் ஸ்பிட்ஹெட் கடற்பரப்பில் கப்பல் அணிவகுப்புகள் நடந்தன. நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும் கப்பல்களைவிட ஓவியருக்கு எளிதான பொருள் கிடையாது. சார்லஸ் டிக்சன், வில்லியம் லயனல் வைலி போன்றவர்கள் அந்த வரிசைகளைக் கண்ணுக்கு எட்டாத தூரம்வரை நீட்டினார்கள். இரட்டைப் பக்கமாக விரியும் நடுப்பக்கத்தில் அவை வந்தன. அவற்றோடு, 1805இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் வென்று மடிந்த டிரஃபால்கர் போரின் படங்களும் ஆண்டு தவறாமல் வந்தன. அடுத்த போரிலும் ஒரு டிரஃபால்கர் நிச்சயம் என்ற எண்ணத்தை எவரும் வாதம் செய்து நிறுவவில்லை. பார்த்துப் பார்த்தே அது மனத்தில் பதிந்துவிட்டது.

போர் தொடங்கியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டதா? தமிழகத்துக்கும் இதில் தொடர்பு உண்டா?

இரண்டுக்கும் ஒரே தேதியில் விடை இருக்கிறது: 22-9-1914. அன்று காலை நெதர்லாந்துக் கரைக்கு அப்பால், ஓட்டோ வெட்டிகன் தலைமையிலான யூ-9 என்ற ஒரே நீர்மூழ்கிக் கப்பல், அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை (ரோந்துக்கும் காவலுக்கும் பயன்படும் போர்க்கப்பல்களை) ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,459 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மீண்டும் படைக்கு அழைக்கப்பட்ட நடுவயதினர். பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்த சிறுவர்களும் இருந்தார்கள்.

அதே நாள் இரவு ஒன்பதரை மணி அளவில், கார்ல் ஃபான் முல்லர் செலுத்தி வந்த எம்டன் என்ற ஜெர்மன் குரூசர் சென்னைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது சுமார் 130 குண்டுகளைப் பொழிந்துவிட்டு இருட்டில் மறைந்தது. தொட்டிகள் எரிந்த வெளிச்சம் நெடுந்தூரம் தெரிந்தது. உயிரிழந்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கினாலும், அடுத்த சில நாட்களில் பெருந்திரளான மக்கள் பட்டணத்தைவிட்டு வெளியேறினார்கள். பிரிட்டனின் கடல் காவலை நம்பியிருந்த ஒரு நகரம், அந்தக் காவல் தன் வாசலில் இல்லை என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டது. யாரையும் ஏய்த்துவிடும் சூரனை 'சரியான எம்டன்' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் அந்த இரவில் பிறந்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அந்நிகழ்வைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது.

9-11-1914 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. பாறைத் திட்டில் தரைதட்டிக் கிடந்த அதன் உடைந்த உடலின் படங்களைப் பிரிட்டிஷ் இதழ்கள் விரும்பி வெளியிட்டன. வட கடலில் இழந்த கௌரவத்துக்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து வந்த ஈடு அது. டிசம்பர் 8 அன்று பாக்லாந்துத் தீவுகளுக்கு அருகே ஜெர்மனியின் நான்கு குரூசர்கள் மூழ்கியதும், இதழ்களின் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது.

எதை வரையலாம், எதை வரையக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியதா?

ஆம். 1914 ஆகஸ்டிலேயே பத்திரிகைச் செய்திகளைச் சலிக்க ஒரு தனி அலுவலகம் திறக்கப்பட்டது. இதற்கு ஆடேஷியஸ் கப்பலைவிடத் தெளிவான சான்று இல்லை. ட்ரெட்நாட் வகையைச் சேர்ந்த அந்தப் புத்தம் புதிய கப்பல், 27-10-1914 அன்று அயர்லாந்தின் வடகரைக்கு அப்பால் கடற் கண்ணிவெடியில் மோதி, பல மணி நேரம் தள்ளாடி மூழ்கியது. டைட்டானிக்கின் உடன்பிறப்பான ஒலிம்பிக் என்ற பயணிகள் கப்பல் அதைக் கட்டியிழுக்க முயன்றது. ஒலிம்பிக்கில் இருந்த பயணிகள் மேல்தளத்தில் நின்று படம் எடுத்தார்கள். அமெரிக்காவில் செய்தியும் படமும் வெளியாயின. ஆனால் பிரிட்டிஷ் கடற்படை இந்த இழப்பை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1918 நவம்பரில், போர் நின்ற பிறகுதான்.

எதிரிக்குத் தன் பலக்குறைவு தெரியக்கூடாது என்பதற்காக அதை மறைத்தார்கள். போர்க்கலை நோக்கில் அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஊருக்கே தெரிந்த ஒன்று இதழில் இல்லை என்றால், இதழில் இருப்பவற்றின் மீதும் ஐயம் வரத்தானே செய்யும்? அதனால்தான் பிற்பாடு நல்ல செய்தியைச் சொன்னபோதும் மக்கள் முழுமையாக நம்பத் தயங்கினார்கள்.

இதற்கு மறுபக்கமாக, சார்லஸ் மாஸ்டர்மன் தலைமையில் இயங்கிய வெலிங்டன் ஹவுஸ் என்ற அரசுப் பிரசார அமைப்பு, வெளிநாட்டாருக்காகப் பல மொழிகளில் படஇதழ்களை வெளியிட்டது. அரபு மொழியில் வந்த 'அல் ஹகீகத்' அவற்றில் ஒன்று. பிரிட்டனின் கப்பல்கள் உலகெங்கும் காவல் நிற்கின்றன என்ற செய்தியைக் கொண்டுசேர்க்க, எழுத்தைவிடப் படமே அவர்களுக்கு உதவியது.

ஜெர்மனியின் ஓவியர்கள் என்ன செய்தார்கள்?

அங்கேயும் கடற்படை ஆர்வத்தைப் படங்களே ஊட்டின. 1898இல் தொடங்கிய ஜெர்மன் கடற்படைச் சங்கம் போருக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டியிருந்தது. ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்முக்கு விருப்பமான ஓவியர் வில்லி ஸ்டோவரை நம்மில் பலர் பெயர் தெரியாமலேயே அறிந்திருப்போம். 1912இல் டைட்டானிக் மூழ்குவதை ஒரு ஜெர்மன் வார இதழுக்காக வரைந்தவர் அவர்தான். அந்தப் படத்தில் நான்கு புகைபோக்கிகளிலும் புகை வருகிறது. நான்காவது உண்மையில் காற்றோட்டத்துக்காக வைக்கப்பட்டது. நேரில் காணாததை வரைவதில் இருக்கும் ஆபத்துக்கு அது எடுத்துக்காட்டு.

போரில் ஜெர்மனியின் மிக வலிமையான படம் வெற்றியைப் பற்றியதே அல்ல. ஹான்ஸ் போர்ட் வரைந்த 'கடைசி மனிதன்' என்ற ஓவியத்தில், பாக்லாந்தில் மூழ்கும் குரூசரின் கவிழ்ந்த அடிப்பகுதி மீது தனியாக நிற்கும் ஒரு மாலுமி, தன் நாட்டுக் கொடியை எதிரிக்கு முன் உயர்த்திப் பிடிக்கிறான். தோல்வியை மறைக்காமலே நாட்டுப் பெருமையை அது தூக்கி நிறுத்தியது. பிரிட்டிஷ் இதழ்களுக்கு இந்த வழி எளிதாக வரவில்லை. எப்போதும் வெல்பவர்களாகவே தங்களை வரைந்து பழகியவர்களுக்கு, தோற்கும்போது எப்படி நிற்பது என்பதற்கான படம் கைவசம் இல்லை.

ஜட்லண்ட் போரை இதழ்கள் எப்படிக் கையாண்டன?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மையம். 31-5-1916 அன்று டென்மார்க்குக்கு மேற்கே 151 பிரிட்டிஷ் கப்பல்களும் 99 ஜெர்மன் கப்பல்களும் மோதின. நூறாண்டுகளாக ஓவியர்கள் வாக்களித்த அந்தப் பெரும் போர் வந்தேவிட்டது. ஆனால் மாலை மூடுபனியிலும் புகையிலும் பிரிட்டிஷ் தளபதி ஜெலிகோவுக்கே எதிரியின் முழு வரிசை ஒருமுறையும் கண்ணில் படவில்லை. இன்டிஃபாட்டிகபிள், குவீன் மேரி, இன்வின்சிபிள் என்ற மூன்று பெரிய குரூசர்கள் வெடித்துச் சிதறின. பிரிட்டன் 14 கப்பல்களையும் 6,094 உயிர்களையும் இழந்தது. ஜெர்மனி 11 கப்பல்களையும் 2,551 உயிர்களையும் இழந்தது. இரவோடிரவாக ஜெர்மன் படை துறைமுகம் திரும்பிவிட்டது.

ஜெர்மனி முந்திக்கொண்டு வெற்றியை அறிவித்தது. ஜூன் 2 மாலை பிரிட்டிஷ் கடற்படை வெளியிட்ட முதல் அறிக்கை, தன் இழப்புகளை ஒளிக்காமல் பட்டியலிட்டது. ஆனால் அவற்றுக்கு என்ன பொருள் என்று விளக்கவில்லை. மறுநாள் அதைப் படித்த மக்கள் தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார்கள். பழுதுபட்டுத் திரும்பிய கப்பல்களைப் பார்த்துக் கரையில் இருந்தவர்கள் ஏளனக் குரல் எழுப்பியதாக மாலுமிகள் மனம் வெதும்பி நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஜூன் 5 அன்று போர் அமைச்சர் கிச்சனர் சென்ற ஹாம்ப்ஷயர் கப்பலும் கண்ணிவெடியில் மூழ்கியது துயரைக் கூட்டியது.

வட கடலின் வாயிலை அடைத்து நிற்கும் படை, சண்டைக்கு மறுநாளும் அடைத்தேதான் நின்றது. கணக்குப்படி பிரிட்டனின் பிடி தளரவில்லை. ஆனால் அந்தக் கணக்கை எப்படி வரைவது? எரியும் எதிரிக் கப்பல் வரிசையைக் காணப் பழகிய கண்களுக்கு, 'எதிரி மீண்டும் வெளியே வரத் தயங்குகிறான்' என்பது ஒரு காட்சியே அல்ல. எனவே இதழ்கள் போர்க்களத்திலிருந்து தனிமனிதர்களிடம் திரும்பின. செஸ்டர் கப்பலில் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் வீழ்ந்த பிறகும், படுகாயத்தோடு தன் பீரங்கியருகே ஆணைக்குக் காத்து நின்று, ஜூன் 2 அன்று இறந்த 16 வயது ஜாக் கார்ன்வெல்லை நாடே கொண்டாடியது. அவனுக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. ஃபிராங்க் சாலிஸ்பரி அவனை வரைந்தபோது மாதிரியாக நின்றது அவனுடைய சகோதரன். வெற்றிப் படம் கிடைக்காத இடத்தில் ஒரு சிறுவனின் பொறுமை நின்றது. அந்தப் பரிமாற்றம் நியாயமானதா என்பதை அவன் தாயின் இடத்திலிருந்து எண்ணிப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

முற்றுகையையும் நீர்மூழ்கிப் போரையும் ஏன் அதிகம் வரையவில்லை?

வரைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதால். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடைப்பட்ட குளிர்க் கடலில், பீரங்கி பொருத்தப்பட்ட பழைய பயணிகள் கப்பல்கள் மாதக்கணக்கில் ரோந்து சுற்றி, நடுநிலை நாட்டுச் சரக்குக் கப்பல்களை நிறுத்திச் சோதித்தன. ஜெர்மனியின் உணவையும் மூலப்பொருளையும் நெருக்கியது அந்த வேலைதான். படத்தில் அது, அலையில் ஆடும் ஒரு படகும் காகிதம் சரிபார்க்கும் ஓர் அதிகாரியும் மட்டுமே. நீர்மூழ்கிக்கோ, பாதிப் படத்தை நீருக்கு மேலும் பாதியை நீருக்கு அடியிலுமாக வெட்டிக் காட்டும் உத்தியை ஓவியர்கள் கையாண்டார்கள். பாடம் சொல்ல அது உதவியது, தைரியம் சொல்ல உதவவில்லை.

கப்பல் ஓவியர் ஒருவர் கப்பலை மறைக்கும் கலைக்கு எப்படி வந்தார்?

'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழுக்கு நெடுங்காலம் வரைந்த நார்மன் வில்கின்சனைப் பற்றிய கேள்வி இது. 1917 ஏப்ரல் மாதத்தில் மட்டும் நேச நாடுகளும் நடுநிலை நாடுகளும் 8 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை இழந்தன. அப்போது கடற்படைப் பணியில் இருந்த வில்கின்சனுக்கு ஒன்று விளங்கியது: கடலில் கப்பலை முற்றிலும் மறைக்க முடியாது, ஆனால் அது போகும் திசையைக் குழப்பலாம். நீருக்கடியில் பாய்ந்து சென்று வெடிக்கும் டார்பிடோவை ஏவுபவன் கப்பலின் வேகத்தையும் திசையையும் கணித்து, அது வந்து சேரப்போகும் இடத்தை நோக்கித்தான் குறிவைக்க வேண்டும். அணியம் எது, பின்பகுதியான அமரம் எது என்று தெரியாதபடி கறுப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கோணல் பட்டைகளைத் தீட்டினால் அந்தக் கணிப்பு பிசகும்.

லண்டனில் ராயல் அகாடமிக் கட்டடத்தில் இதற்கென ஒரு பட்டறை அமைந்தது. சிறு மரக் கப்பல்களில் பட்டைகளைத் தீட்டி, சுழலும் மேசைமேல் வைத்து, நீர்மூழ்கியில் இருப்பது போன்ற பெரிஸ்கோப் வழியே பார்ப்பார்கள். பார்ப்பவர் திசையைத் தவறாகச் சொன்னால் அந்த வடிவம் தேறியது. அங்கே பணிபுரிந்தவர்களில் பலர் ஓவியம் பயின்ற பெண்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் இவ்வாறு வண்ணம் பூசிக்கொண்டன. அந்தப் பூச்சு எத்தனை கப்பல்களைக் காத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதே காலத்தில் கப்பல்களைக் கூட்டமாகப் பாதுகாப்புடன் அனுப்பும் முறையும் வந்துவிட்டது. ஆனால் கடற்படையைக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட கை, கப்பலை அடையாளம் தெரியாமல் ஆக்குவதில் அதைவிடப் பெரிய பயனைத் தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் இந்தப் படங்கள் எல்லாம் பொய்யா?

அப்படிச் சொல்வது அந்த ஓவியர்களுக்குச் செய்யும் அநீதி. கப்பலின் அமைப்பிலும், கடலின் நிறத்திலும், காற்று புகையைத் தள்ளும் திசையிலும் அவர்கள் காட்டிய நேர்மை வியப்புக்குரியது. வைலி கடலிலேயே வாழ்ந்தவர் என்று சொல்லலாம்; படகில் அமர்ந்தபடி அவர் தீட்டிய அலைகளில் தப்பான கோடு அரிது. விவரங்களில் அவர்கள் பொய் சொல்லவில்லை. எதைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள், எதை வரையாமல் விட்டார்கள் என்பதில்தான் தவறான எதிர்பார்ப்பு விளைந்தது. அதற்கு ஓவியரோடு பதிப்பாசிரியரும் தணிக்கை அதிகாரியும், அதே படத்தையே மீண்டும் கேட்ட வாசகரும் பங்காளிகள்.

இவற்றை இன்று எங்கே பார்க்கலாம்?

'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழ்கள் முழுவதும் மின்வடிவில் தொகுக்கப்பட்டுள்ளன. லண்டனில் உள்ள இம்பீரியல் வார் மியூசியமும் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் மூல ஓவியங்களைப் பாதுகாக்கின்றன. வைலியின் வரைவுகள் கிரீனிச்சில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. படத்தை மட்டும் பார்க்காமல் அதன் அடிக்குறிப்பையும் இதழின் தேதியையும் சேர்த்துப் படியுங்கள். வரைந்தவர் அங்கே இருந்தாரா, கேட்டு வரைந்தாரா என்பது அந்த ஒரு வரியில் இருக்கும்.

போர்ட்ஸ்மத் நகருக்குச் செல்பவர்கள் நெல்சனின் விக்டரி கப்பலுக்கு அருகே இருக்கும் அகன்ற ஓவியத்தைத் தவறவிடக்கூடாது. ட்ரெட்நாட்களையும் டார்பிடோப் படகுகளையும் வாழ்நாளெல்லாம் வரைந்த வைலி, தம் எழுபத்தொன்பதாம் வயதில், 1930இல் முடித்த படம் அது. 42 அடி நீளமுள்ள அந்தத் துணியில் அவர் தீட்டியிருப்பது ஜட்லண்ட் அல்ல, டிரஃபால்கர்.